ஆறு பேர் மேசை

நீர்நாய் உணவகத்தின் வாசலில் ஆறு பேரும் நாற்பது நிமிடங்களாகக் காத்து நின்றார்கள். புளோரிடாவின் மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. ஏழு வயது இரட்டையர்களான டாசனும் கூப்பரும் கயிற்றுத் தடுப்பை ஊஞ்சலாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அக்காள் ஷெல்பி, பதினைந்து வயதுக்காரி, கைப்பேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. தகப்பன் டுவேன் வயிற்றைத் தடவினான். டுவேனின் தம்பி ரஸ், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பத்தாருக்கு, தான் இன்னும் பார்க்காத முதலையைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தான். பிள்ளைகளின் தாய் லொரெட்டாவின் உடல் மட்டுமே வரிசையில் நின்றது. கண்கள் உள்ளே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

"அங்க பாரு டுவேன், அந்த ஒசரமான பொண்ண. எடது கையில மூணு தட்டு, வலது கையில காபி. கதவ இடுப்பால தள்ளுறா. அப்படியே நான்தான்."

"நீ லீவுல வந்திருக்க லோரி."

"எனக்குத்தான் லீவு. என் கண்ணுக்கு யாரு குடுத்தா?"

இந்தியானாவில், மன்சி ஊருக்கு வெளியே, லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் நெடுஞ்சாலை உணவகத்தில் லொரெட்டா பதினாறு ஆண்டுகளாகப் பரிமாறுகிறாள். பதினாறு ஆண்டுகளில் முதலாளி மூன்று முறை மாறினார், காலணி முப்பது முறை மாறியது, மணிக்கு இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட் என்ற கூலி மட்டும் மாறவே இல்லை. வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பல் வைத்தியமும், இந்தப் பயணமும் சாப்பிட்டவர்கள் மேசையில் விட்டுப்போன டிப்ஸில் வந்தவை.

பயணத்துக்கு இருபத்திரண்டு மாதத் தவணை. அறை, கேளிக்கைப் பூங்கா நுழைவு, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் முன்பணத்தில் அடக்கம். "நீங்க பர்ஸே எடுத்து வர வேண்டாம்" என்று முகவர் தொலைபேசியில் சிரித்தார். எல்லோரும் அந்தச் சிரிப்பில் மயங்கி நின்றபோது லொரெட்டா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டிப்ஸும் அதுல அடக்கமா?"

"இல்லைங்க. அது உங்க விருப்பம்."

மறுநாளே அவள் ஆறு உறைகள் வாங்கினாள். ஆறு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு உறை. பதினொரு மாதத்தில் ஒவ்வொன்றிலும் நாற்பத்தைந்து டாலர் சேர்த்தாள். எல்லாம் ஒற்றை நோட்டும் ஐந்து நோட்டும். உறைகளின் மேல் கிழமையை எழுதிக் கைப்பையின் உட்பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

"முழுசாப் பணத்தக் கட்டிட்டு, கவர்ல காசப் போட்டுக்கிட்டு அலையுற ஒரே குடும்பம் நம்ம குடும்பம்தான்" என்றான் ரஸ்.

"நீ பேசாத ரஸ். எங்க கடையில உனக்கு என்ன பேர் தெரியுமா? 'சில்லறை'. நீ வெச்சுட்டுப் போற காசக் கூட்டிப் பெருக்கிட்டுத் துடைப்பத்தக் கழுவணுமாம்."

டுவேன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த உயரமான பெண்ணே அவர்களை அழைக்க வந்தாள். மார்பிலிருந்த பெயர் அட்டையில் மிர்லாந்த் என்றும், அதன் கீழே அவளுடைய ஊர் ஹெய்ட்டியின் ஜாக்மெல் என்றும் எழுதியிருந்தது. "எத்தனை பேர்?" என்று கேட்டாள். ஆறு என்றதும் அவளது புன்னகை ஒரு கணம் சறுக்கி, மறுகணமே பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தது. கால் வலியாக இருக்கும் என்று லொரெட்டா எண்ணிக்கொண்டாள்.

ஆனால் அந்த மேசைக்கு அவள் செய்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. டாசனையும் கூப்பரையும் "மிஸ்டர் ஒண்ணு, மிஸ்டர் ரெண்டு" என்று அழைத்தாள். சோளத்தைத் தொடமாட்டேன் என்ற கூப்பரிடம், "நீங்க சாப்பிடலேன்னா அது சமையக்காரர் மனசப் புண்படுத்தும், அவரு அழுதா சூப் உப்புக் கரிக்கும்" என்றாள். அவன் இரண்டு கதிர் தின்றான். சாப்பாடு முடிந்ததும் கறுப்பு அட்டைக்குள் பில்லை வைத்து டுவேனிடம் நீட்டினாள்.

டுவேன் பள்ளிப் பேருந்துகள் பழுது பார்க்கிறவன். சாப்பிட்டுவிட்டு, காசு எடுக்காமல், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து போவது அவன் வாழ்க்கையில் நடந்திராத ஒன்று. பேனாவை இருமுறை சுழற்றி, காகிதத்தின் பாதியை நிறைத்துக் கையெழுத்திட்டான். அதற்குமேல் அவனுக்கு அந்தக் காகிதத்தில் அக்கறையில்லை. லொரெட்டாவோ அந்தப் பக்கமே திரும்பவில்லை. பரிமாறுகிறவள் எதிரில் நிற்கும்போது பில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, வரி வரியாக விரல் வைத்துப் படிக்கும் ஆட்களைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்தவள் அவள். அப்படி ஒருநாளும் படிப்பதில்லை என்பது அவளுடைய கொள்கை. உணவுப் பட்டியலிலிருந்த விலைகளை மனத்திலே கூட்டிப் பார்த்தாள்; இருநூற்று முப்பது. உறையிலிருந்த நாற்பத்தைந்து, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு டாலர்தான் குறைவு. முதல் உறையிலிருந்த நோட்டுகளை மடித்துக் காபிக் கோப்பையின் சாசருக்கு அடியில் வைத்து, தட்டுகளை அளவு வாரியாக அடுக்கி, கரண்டிகளை மேல்தட்டில் சேர்த்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த நான்கு நாளும் வேறெங்கும் போக இரட்டையர்கள் சம்மதிக்கவில்லை. நீர்நாய் உணவகம், மிர்லாந்தின் மேசை, சாசருக்கு அடியில் ஓர் உறையின் பணம்.

ஆறாம் நாள் காலையில் அறைக் கதவின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது. உணவகத்தையும் நடத்தும் விடுதிக்காரர்கள் அனுப்பியது. நாளை புறப்படுமுன் கட்ட வேண்டிய பாக்கி இருநூற்று ஏழு டாலர் என்றிருந்தது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டுவேன் அதை உரக்கப் படித்தான்.

"சேவைக் கட்டணம். ஆறு பேரும் அதற்கு மேலும் உள்ள மேசைகளுக்குப் பதினெட்டு சதவீதம். அஞ்சு நாளுக்கு."

"இது எப்ப நாம ஒத்துக்கிட்டோம்?" என்றாள் லொரெட்டா.

"தெனமும்தான். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

"அப்பா கையெழுத்துக்கு அடியில அந்த வரியே மறைஞ்சு போயிருக்கும்" என்றாள் ஷெல்பி. "அம்மா, பில்லப் படிக்கிறவங்க மனுஷங்களே இல்லன்னு சொன்னது யாரு?"

"நாந்தான். சந்தோஷமா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

ரஸ் தண்ணீரிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "அப்ப அந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் வாங்கியிருக்கா. பில்லுல பதினெட்டு, சாசருக்கு அடியில இருபது. நான் லாரியில சாமான் ஏத்துறத விட்டுட்டு இங்கயே வந்துடறேன்."

வண்டியின் முன்பெட்டியில் இருநூற்று அறுபது டாலர் இருந்தது. மன்சிக்கு ஆயிரம் மைல் திரும்பிப் போகப் பெட்ரோலுக்கு நூற்றைம்பது, வழியில் ஒரு ராத்திரி மோட்டலுக்கு நூற்றுப்பத்து. கடன் அட்டை தவணைகளால் ஏற்கெனவே முட்டி நின்றது. இதைக் கட்டினால் ஐம்பத்து மூன்று டாலர் மிஞ்சும். அதில் ஜார்ஜியாவைத் தாண்ட முடியாது.

"லோரி, இன்னைக்குக் கவர் வேண்டாம்" என்றான் டுவேன், மெதுவாக. "அவளுக்குத்தான் ஏற்கெனவே போய்ச் சேந்துருச்சே. அந்த நாப்பத்தஞ்சு நமக்கு வேணும்."

பணத்தைவிட வேறொன்று லொரெட்டாவை உறுத்தியது. "அவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மணி மூன்றுக்கு உணவகம் மூடிக் கிடந்தது. பின்வரிசை மேசையில் மிர்லாந்த் மட்டும் உட்கார்ந்து, மாலைச் சாப்பாட்டுக்காகக் கத்தியையும் முள்கரண்டியையும் துணியில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்தவை ஒருபுறம் மலையாகக் கிடந்தன. சுருட்ட வேண்டியவை மறுபுறம் அதைவிடப் பெரிய மலையாகக் கிடந்தன.

"உக்காரலாமா கண்ணு?"

"அஞ்சு மணிக்குத்தான் திறப்போம் மேடம்."

லொரெட்டா உட்கார்ந்தாள். அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கைதான் தானாகவே ஒரு துணியை இழுத்து, மூலை மடித்து, கத்தியை வைத்து, முள்கரண்டியை வைத்து, ஒரே உருட்டில் சுருட்டிப் போட்டது.

"விருந்தாளிங்க இதத் தொடக் கூடாது மேடம்."

"பதினாறு வருஷமா நானும் இதத்தான் சுத்துறேன்."

மிர்லாந்த் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தாள். "அதானே! தட்டெல்லாம் அளவு பாத்து அடுக்கி வெச்சிட்டுப் போற ஆளு யாருடான்னு நாங்க பந்தயமே கட்டினோம். நான் டீச்சர்னு சொன்னேன். அஞ்சு டாலர் போச்சு."

இருவரும் கொஞ்ச நேரம் சுருட்டினார்கள். பிறகு லொரெட்டா கேட்டாள். "ஆறு பேர் மேசைக்குப் பதினெட்டு சதவீதம் போடுறாங்களாம். அதுக்கு மேல நான் தெனம் நாப்பத்தஞ்சு வெச்சேன். நீ ஏன் சொல்லல கண்ணு?"

மிர்லாந்தின் கை நின்றது. "நீங்க தெரிஞ்சுதான் வைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"என்ன தெரிஞ்சு?"

"அது எங்களுக்கு வராதுன்னு."

சமையலறையில் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள். மிர்லாந்த் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அது டிப்ஸா இருந்துச்சு. முழுசும் எங்க கைக்கு வரும். அப்புறம் சேவைக் கட்டணம்னு மாத்திட்டாங்க. அது நிர்வாகத்துக்குப் போகுது. எங்களுக்கு மணிக்கு ஒரு டாலர் ஏத்திக் குடுத்தாங்க. கேக் வெட்டினாங்க."

"கேக்கா?"

"நீர்நாய் மாதிரியே செஞ்ச கேக். எனக்கு வால் பக்கம் கெடச்சுது." அவள் உதட்டைச் சுழித்தாள். "பில்லுல பதினெட்டப் பாத்ததும் எல்லாரும் எனக்குத்தான் குடுத்துட்டோம்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க. அவங்க மேல என்ன தப்பு? அதனால ஆறு பேர் வந்தா நாங்க சீட்டுப் போடுவோம். மொத நாள் சீட்டுல என் பேரு விழுந்துச்சு."

"அதான் என்னப் பாத்ததும் மூஞ்சி அப்படிப் போச்சா?"

"பாத்துட்டீங்களா! அப்புறம் சாசரத் தூக்கினேனா, மறுநாள்லேருந்து உங்க மேசைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். மத்தவளுங்களுக்கெல்லாம் ஒரே வயித்தெரிச்சல். இந்த வாரந்தான் எங்கக்காவும் நானும் தங்கியிருக்கிற மோட்டலுக்கு வாடகைய நாள் தவறாமக் குடுத்தோம்."

லொரெட்டா கையிலிருந்த முள்கரண்டியை மேசையில் ஊன்றினாள். "நடந்தது உன் காலு. சொமந்தது உன் கையி. சிரிச்சது உன் வாயி. எம் புள்ளைக்குச் சோளம் ஊட்டுனது நீ. சேவை பண்ணுனது பூராவும் நீ, கட்டணம் மட்டும் அவங்களுதா? நான் போயி அந்த ஆபீஸ் மேசையில ஏறி நின்னு கேக்கறேன்."

"ஐயோ, மெதுவா! மேல கேமரா இருக்கு. அதுக்குக் காது கெடையாது, ஆனா கைய ஆட்டுறது தெரியும். நீங்க நாளைக்குப் போயிடுவீங்க, நான் இங்கதான் இருக்கணும்."

லொரெட்டா முள்கரண்டியைத் துணிக்குள் வைத்துச் சுருட்டினாள். மலை பாதியாகக் குறைந்தபோது அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "ஆறு பேருக்குத்தானே? நாலு பேரு ஒரு மேசையில உக்காந்து, ரெண்டு பேரு வேற மேசையில உக்காந்தா?"

"கட்டணமே விழாது." மிர்லாந்தும் புரிந்துகொண்டு சிரித்தாள். "ஆனா நீங்க ஒருத்தர ஒருத்தர் தெரியாதவங்க மாதிரி இருக்கணும். உங்க மச்சினர் சும்மா இருப்பாரா?"

அன்று மாலை லொரெட்டா, டுவேன், இரட்டையர் நால்வரும் ஜன்னல் ஓரத்தில் அமர்ந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து ரஸ்ஸும் ஷெல்பியும் வந்து, மூன்றடி தள்ளிப் போட்டிருந்த மேசையில் அமர்ந்தார்கள். ரஸ் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தான்.

"சித்தப்பா!" என்று கத்தினான் கூப்பர். "எங்களுக்கு உங்கள யாருன்னே தெரியாதுல்ல?"

"யாருப்பா இந்தப் பையன்?" என்றான் ரஸ், கூரையைப் பார்த்து. "வளப்பே சரியில்லையே."

டுவேன் கைத்துண்டால் வாயை மறைத்தான். "மன்னிக்கணும் சார். உங்களப் பாத்தா எங்க வீட்டு ஆளு ஒருத்தன் மாதிரியே இருக்கு. அவனும் சாப்பாட்டு இடத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு முட்டாளாட்டந்தான் இருப்பான்."

"இந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல" என்றாள் ஷெல்பி. "இத வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு நாளா ஆசப்பட்டேன்!"

மிர்லாந்த் ரஸ்ஸின் பக்கம் குனிந்தாள். "பக்கத்து மேசைக்காரங்க தொந்தரவு பண்றாங்களா சார்? வேணும்னா வேற இடம் பாத்துத் தரேன்."

"அந்த அம்மாவ மட்டும் மாத்துங்க. என்னச் சில்லறைன்னு சொன்னவங்க."

லொரெட்டாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. ஆறு நாளில் அன்றுதான் அவள் தட்டு வந்த நேரத்தை அளக்காமல் சாப்பிட்டாள்.

இனிப்பு வரும் வேளையில் மேலாளர் வந்தார். கப்பல்காரர்கள் போடும் வெள்ளைத் தொப்பி, காதுவரை நீண்ட சிரிப்பு. ஐந்து நாளாக அவர்களைப் பார்த்தவர். "என்ன இது? என் குடும்பம் ரெண்டாப் பிரிஞ்சு உக்காந்திருக்கே? கடைசி நாள்ல இப்படியா உங்களுக்கு இடம் குடுத்தாங்க?"

"நாங்க வந்து..." என்று தொடங்கினாள் லொரெட்டா.

"எனக்கு இவங்க யாருன்னே தெரியாது" என்றான் ரஸ். அதற்குள் டாசன் அவன் மடியில் ஏறிக் கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

மேலாளர் மனம் நிறைந்து சிரித்தார், விரலைச் சொடுக்கினார். இருவர் ஓடிவந்து மேசையை இழுத்தார்கள். மரம் மரத்தோடு இடித்துச் சேர்ந்தது. நீர்நாய் உருவத்தில் இரண்டு பலூன்கள் வந்தன. பரிமாறுகிற எட்டுப் பேரும் சுற்றி நின்று கைதட்டி விடைகொடுக்கும் பாட்டைப் பாடினார்கள். மிர்லாந்தும் தட்டினாள். இரட்டையர்கள் ஆனந்தத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள்.

கறுப்பு அட்டை ஒன்றே ஒன்று வந்தது. லொரெட்டா அதைத் தன் கையில் வாங்கினாள். விளக்கை நோக்கித் திருப்பி, விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். சேவைக் கட்டணம், நாற்பத்தொரு டாலர் நாற்பது சென்ட்.

அவள் மிர்லாந்தைப் பார்த்தாள். மிர்லாந்த் காலித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டுவேன் காகிதக் கைத்துண்டில் கூட்டிக் கழித்தான். மொத்தப் பாக்கியைக் கட்டினால் முன்பெட்டியில் பதினொரு டாலர் அறுபது சென்ட். லொரெட்டாவின் கை பைக்குள் போய்க் கடைசி உறையின் மேல் நின்றது, வெளியே வரவில்லை.

"முதலை பாக்கப் போற படகுக்கு அறுவது வெச்சிருந்தேன்" என்றான் ரஸ். "முதலையப் பத்தித்தான் வேணுங்கிறது சொல்லியாச்சே. இனிமே நேர்ல பாத்தா கதை கெட்டுப்போயிடும்."

"எழுபத்தொண்ணு அறுபது" என்றான் டுவேன். "பெட்ரோலுக்கு இன்னும் எழுபத்தெட்டாவது வேணும்."

ஷெல்பி கைப்பேசி உறையைக் கழற்றினாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சம்பாதித்த எண்பது டாலர் அதற்குள் நான்காக மடித்திருந்தது. நீர்நாய் படம் போட்ட கம்பளிச் சட்டைக்காக வைத்திருந்தது. அதைத் தாயின் தட்டருகே தள்ளினாள். "அந்தச் சட்டையப் போட்டா நீர்நாய்க்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு சித்தப்பா சொல்லிட்டாரு. அந்தக் கவர எடும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"மோட்டல் கெடையாது" என்றான் டுவேன். "பதினாறு மணி நேரம் நிக்காம ஓட்டணும்."

"மாத்தி மாத்தி ஓட்டலாம்" என்றான் ரஸ். "நீ தூங்கறப்ப நான் ஓட்டறேன். நான் தூங்கறப்பவும் நானே ஓட்டறேன்."

லொரெட்டா உறையை வெளியே எடுத்தாள்.

அப்போது மேலாளர் திரும்பி வந்தார். "குடும்பத்தோட ஒரு படம்! எங்க அன்பளிப்பு, காசே வேண்டாம்." தன் கேமராவை மிர்லாந்தின் கையில் கொடுத்துவிட்டு, லொரெட்டாவின் தோளில் ஒரு கையும் டுவேனின் தோளில் ஒரு கையும் போட்டு நடுவில் வந்து நின்றார். மிர்லாந்த் இரண்டடி பின்னுக்குப் போனாள். "மிஸ்டர் ரெண்டு, நாக்க உள்ள போடுங்க" என்றாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

மறுநாள் முற்பகலில் வண்டி ஜார்ஜியாவின் பெட்ரோல் நிலையம் ஒன்றில் நின்றது. டுவேன் பெட்ரோல் பிடித்தான். ரஸ் பின்னிருக்கையில் குறட்டை விட்டான். லொரெட்டா பிஸ்கட்டின் மேல் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டாள். விடுதியிலிருந்து அட்டை மடிப்புக்குள் வைத்துக் கொடுத்த படத்தைக் கூப்பர் விரித்து மடியில் வைத்திருந்தான். அழகான படம். ஏழு பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். மேலாளரின் தொப்பி நேராக இருந்தது.

"அம்மா, மிர்லாந்த் எங்க?"

"நல்லாப் பாரு கண்ணு."

கூப்பர் படத்தைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் பார்த்தான். மேலாளரின் தலைக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கண்ணாடியில், படம் எடுத்த அவள் தெரிய வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும் விழுந்திருந்தது.